படம் வரட்டும்லே, பைய பேசுவோம்

ஏலே பேராண்டி, இங்கன வந்து உக்காரு. அந்தப் போனைக் கொஞ்சம் கவுத்து வையி. ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சிருந்து என்னத்தலே நோண்டுத? பரீச்சைக்குப் படிக்கான்னு நெனச்சு உங்கம்மை காப்பி போட்டுக் குடுக்கா. நீ என்னடான்னா, சிங்கத்துக்கு யாரு குரல் குடுக்கப் போறான்னு தேடிட்டுக் கெடக்க.

எந்தச் சிங்கம்? நார்னியாங்கிற மாய தேசத்துச் சிங்கம். பேரு அஸ்லான். ஆக்ஸ்போர்டுல பாடம் நடத்துன சி. எஸ். லூயிஸ்னு ஒரு வாத்தியாரு எழுதுன கதையில வாரது. அதை இப்பம் மறுபடி படமா எடுக்காங்க. சிங்கம் இன்னும் வாயைத் தொறக்கல. அதுக்குள்ள நீங்க அம்புட்டுப் பேரும் தொறந்துட்டீங்க.

என்னலே முழிக்க? தாத்தனுக்கு நார்னியா எப்படித் தெரியும்னா? உங்கப்பன் சின்னப் பயலா இருக்கையில லைப்ரரில இருந்து எடுத்தாருவான். அவன் உறங்குன பொறவு நான் படிப்பேன். ரயில்வேல காலந்தள்ளுன இங்கிலீஷு அதுக்குப் போதும். பிள்ளைக மட்டும் ரசிக்கிற பிள்ளைக்கதை உருப்படாத கதைன்னு அந்த வாத்தியாரே எழுதி வச்சிருக்காரு. ஆக, எனக்கும் இதுல பாத்தியதை உண்டு, கேட்டியா.

அந்த மனுசனுக்குப் பதினாறு வயசுல மனசுக்குள்ள ஒரு படம் வந்துச்சாம். பனி பெய்யிற காடு. அதுல ஒருத்தன் போறான். இடுப்புக்குக் கீழ ஆடு, மேல மனுசன். கையில குடை, கக்கத்துல பொட்டலம். அம்புட்டுத்தான். அதை வச்சு அவரு என்ன செஞ்சாரு? ஒண்ணும் செய்யல. முதல் உலகப் போருக்குப் போனாரு. காயம்பட்டுத் திரும்பி வந்தாரு. வாத்தியாரு வேலையில சேந்தாரு. 1939-ல அடுத்த சண்டை வந்துச்சு. குண்டுக்குப் பயந்து லண்டன்ல இருந்து பிள்ளைகளை ஊரு ஊரா அனுப்பி வச்சாங்க. அவரு வீட்டுலயும் சில பிள்ளைக வந்து தங்குச்சுக. அப்பமும் அவரு அவசரப்படல. முதல் புஸ்தகம் கடைக்கு வந்தது 1950-ல. அவருக்கு வயசு அம்பதைத் தாண்டிருச்சு. இத்தனை வருசமும் அந்த ஆட்டுக்கால்காரன் குடையைப் பிடிச்சுக்கிட்டுப் பனிக்குள்ளயே நின்னான். வாத்தியாரு 'குடை ஃபர்ஸ்ட் லுக்' விட்டாரா? 'பொட்டலத்துக்குள்ள என்ன? காத்திருங்கள்'னு போட்டாரா? சத்தமில்லாம இருந்தாரு. பொறவு பாரு, 1956-க்குள்ள ஏழு புஸ்தகம், மளமளன்னு.

ஒங்க கதை அப்படியா? போஸ்டர் வரப் போகுதுன்னு சொல்ல ஒரு போஸ்டர். டீசர் எப்பம் வரும்னு சொல்ல ஒரு டீசர். படப்பிடிப்பு நடக்கையில தூரத்துல நின்னு எவனோ திருட்டுத்தனமா எடுத்த போட்டோவைப் பெருசாக்கி, பின்னால நிக்கிற காரு எந்த வருசத்துக் காருன்னு ஒரு ஆராய்ச்சி. ஆக்கங்கெட்ட சோலி. அந்த நேரத்துல ஏழு புஸ்தகத்தையும் ரெண்டு தடவை படிச்சிரலாம்லே. ஒண்ணொண்ணும் இருநூறு பக்கம், முன்னப் பின்ன.

அன்னைக்கு ஒன் கூட்டாளி கேட்டானே, முதல் கதையில எட்மண்டுங்கிற பய ஒரு மிட்டாய்க்காகவா கூடப் பொறந்தவங்களைக் காட்டிக் குடுப்பான்னு? டர்கிஷ் டிலைட்டுன்னு அந்த மிட்டாய்க்குப் பேரு. பன்னீர் வாசம், மாவுச் சீனி தூவி, பஞ்சு மெத்தையா இருக்கும். அந்தப் புஸ்தகம் வந்த காலத்துல இங்கிலாந்துல மிட்டாய்க்கு ரேஷன்லே! சண்டை முடிஞ்சு அஞ்சு வருசம் ஆயும் ரேஷன். 1953-லதான் எடுத்தாங்க. அப்படிப்பட்ட பிள்ளைக கண்ணு முன்னால ஒரு பெட்டி நெறைய மிட்டாயை நீட்டுதா சூனியக்காரி. எந்தப் பிள்ளைதான் கைய நீட்டாது? நீங்க என்ன செஞ்சீங்க? ஆன்லைன்ல வரவழைச்சு, தட்டுல அடுக்கி, போட்டோ எடுத்து, ஒண்ணைக் கடிச்சுட்டு 'இவ்வளவுதானா'ன்னு மொகத்தைச் சுளிச்சீங்க. ரேஷன் கார்டு இல்லாமத் தின்னா அப்படித்தாம்லே இருக்கும்.

சரி, படத்துக்கு வருவோம். நெட்ஃபிளிக்ஸ்காரன் 2018-ல ஏழு புஸ்தகத்துக்கும் சேத்து உரிமை வாங்குனான். ஏழும் ஒரே கம்பெனி கைக்குப் போனது அதுதான் முதல் தடவை. அன்னைக்கு நீ மூக்குச் சளியோட திரிஞ்ச. இன்னைக்கு மீசை மொளைச்சிருச்சு. டைரக்டரு கிரேட்டா கெர்விக். 2023-ல 'பார்பி' எடுத்து நூறு கோடி டாலருக்கு மேல வாரிக் குவிச்ச அம்மா. உடனே ஒரு கூட்டம் கெளம்பிருச்சு, 'ஐயோ, நார்னியாவுக்கு ரோஸ் பெயிண்ட் அடிச்சிருவாளே'ன்னு. அதே அம்மாதான 2019-ல 'லிட்டில் விமன்' எடுத்தா? அது நூத்தம்பது வருசப் பழைய புஸ்தகம். அதுக்கு என்ன பெயிண்ட் அடிச்சா? அதைப் பாத்துட்டாவது அழக் கூடாதா?

எடுக்கது 'தி மெஜிஷியன்ஸ் நெஃப்யூ'ங்கிற கதையை. ஐமேக்ஸ் திரையில போடுவோம்னு 2025 தொடக்கத்துலயே சொல்லிட்டாங்க. நாங்க டூரிங் டாக்கீஸ்ல மணலைக் குமிச்சு, அது மேல ஏறி உக்காந்து பாத்தோம். முன்னால இருக்கவன் தலைப்பாக்கட்டு ஆடாம இருந்தாப் போதும், அதுதான் எங்களுக்கு ஐமேக்ஸ். அது கெடக்கட்டும். இந்தக் கதை பேரைச் சொன்னதும் அடுத்த சண்டை வந்துச்சு பாத்தியா? வெளிவந்த வரிசையில அது ஆறாவது, 1955. கதை நடக்குற வரிசையில அதுதான் ஒண்ணாவது. நார்னியா பொறந்த கதை. 'முதல் புஸ்தகத்துல பிள்ளைக நார்னியாவுக்குள்ள போற அலமாரியில இருந்துதான் ஆரம்பிக்கணும்'னு ஒரு கட்சி. 'பொறப்புல இருந்துதான்'னு இன்னொரு கட்சி. 1957-ல ஒரு அமெரிக்கப் பையன் இதையேதான் வாத்தியாருக்குக் கடுதாசி போட்டுக் கேட்டான். அம்மை ஒரு வரிசை சொல்லுதா, நான் ஒரு வரிசை சொல்லுதேன்னு. அவரு என்ன எழுதுனாரு? ஒன் வரிசைதான் எனக்கும் சரியாப் படுது, ஆனா எப்படிப் படிச்சாலும் பெருசா ஒண்ணும் ஆயிராதுன்னுட்டாரு. பெத்தவன் சும்மா இருக்கான், பேரு வைக்க வந்தவன் அடிச்சுக்கிடுதான் கதைதான் இது.

இப்பம் சிங்கம். 2005-ல வந்த படத்துல லியாம் நீசன் குரல். 2025-ல, புதுப் படத்துக்கு மெரில் ஸ்ட்ரீப்பைக் கேக்காங்கன்னு ஒரு பேச்சு கெளம்புச்சு. அவ்வளவுதான், ஒங்க உலகம் ரெண்டாப் பொளந்துச்சு. புஸ்தகத்துல அஸ்லான் ஆண் சிங்கம்தான். மாத்துனா எனக்கும் பிடிக்காது, மறைக்கல. ஆனா அந்தக் கதையில சிங்கம் என்ன செய்யுதுன்னு யோசிச்சியா? பேசுததுக்கு முன்ன பாடுது. ஒரே இருட்டு. ஒண்ணுமே இல்ல. பாட்டு கெளம்புது. அதுல வார்த்தை கெடையாது, மெட்டுன்னு சொல்லுததே கஷ்டம்ங்காரு வாத்தியாரு. அந்தப் பாட்டுக்கு நட்சத்திரம் வருது. சூரியன் வருது. புல்லு மொளைக்குது. மண்ணு மேடு மேடா வீங்கி வெடிச்சு, உள்ள இருந்து நாயும் யானையும் வெளிய வருது. மெட்டே இல்லாத ஒரு பாட்டை எவன் மெட்டுப் போடப் போறான்? ஒங்கள்ல ஒருத்தனாச்சும் இதைக் கேட்டீங்களா? அந்தப் பாட்டு சொதப்பிட்டா, ஆண் குரலா இருந்து என்ன, பொண்ணு குரலா இருந்து என்னலே?

எழுதுனவரைக் கேட்டா என்ன சொல்லுவாருன்னு நெனைக்க? சொல்லிட்டுத்தான் போயிருக்காரு. 1959 கடைசியில வானொலிக்காரர் ஒருத்தருக்கு எழுதுன கடுதாசியில, டெலிவிசன்ல எடுக்கப் பேச்சே கூடாதுன்னு ஒத்தக்கால்ல நின்னாரு. பேசுத மிருகத்தைக் கண்ணு முன்னால கொண்டாந்து நிறுத்துனா, ஒண்ணு கோமாளிக்கூத்தாப் போவும், இல்லைன்னா பயமுறுத்தும்ங்கது அவரு எண்ணம். கார்ட்டூன்னா பாக்கலாம்னு கொஞ்சம் எறங்குனாரு. அதுலயும் டிஸ்னிக்காரருக்கு ஒரு குத்து விட்டாரு. 1963 நவம்பர் 22-ல காலமானாரு. அன்னைக்குத்தான் அமெரிக்கால கென்னடியைச் சுட்டாங்க. வாத்தியாரு சாவு பேப்பர்ல ஓரத்துக்குப் போயிருச்சு.

அவரு போன பொறவு யாரு கேக்கா? 1988-ல பிபிசிக்காரங்க எடுத்தாங்க. சிங்கத் தோலுக்குள்ள ரெண்டு ஆளு. பீவருங்கிற மிருகத்துக்கு வேசங்கட்டுன ஆளுக. பல்லு மட்டும் வெளிய. பிள்ளைக அதையும் வாயைப் பொளந்துதான் பாத்துச்சுக. 2005-ல, வாத்தியாரு குத்துவிட்ட அதே டிஸ்னி கம்பெனி பேருல பெரிய படம் வந்துச்சு, கம்ப்யூட்டர் சிங்கத்தோட. 18 கோடி டாலர் போட்டு, 74 கோடிக்கு மேல வசூல். சிங்கம் நல்லாத்தான் இருந்துச்சு, நான் ஒத்துக்கிடுதேன். 2008-ல ரெண்டாவது படம். புஸ்தகத்துல இல்லாத ஒரு கோட்டைச் சண்டையைச் சேத்தாங்க. செலவு கூடிச்சு, வரவு பாதிக்குப் பக்கத்துல வந்து நின்னுச்சு. டிஸ்னி துண்டை ஒதறித் தோள்ல போட்டுட்டுப் போயிருச்சு. 2010-ல மூணாவதை ஃபாக்ஸ் கம்பெனி வெளியிட்டுச்சு. நாலாவது வரவே இல்ல. சண்டை பாக்கணும்னா பிள்ளைக வேற படத்துக்குப் போவாதா? நார்னியாவுக்கு வாரது அலமாரிக் கதவு தொறக்குறதைப் பாக்கத்தாம்லே.

அலமாரின்னதும் ஞாபகம் வருது. அந்த அலமாரி எங்களுதுதான்னு அமெரிக்கால ரெண்டு காலேஜு சொல்லிக்கிடுது. லூயிசோட தாத்தா செஞ்ச அலமாரி இல்லினாய்ஸ்ல வீட்டன் காலேஜுல இருக்கு. கலிஃபோர்னியால வெஸ்ட்மான்ட் காலேஜுல இன்னொண்ணு, அதுவும் அவரு வீட்டு அலமாரிதானாம். வீட்டன்காரங்க ஒரு போர்டு வச்சிருக்காங்க. உள்ள போயி ஆளு காணாமப் போனா நாங்க பொறுப்பு இல்லைன்னு. அந்த போர்டை எழுதுனவன் வெவரமானவன். அவனைக் கூப்பிட்டுப் படத்துக்கு வசனம் எழுதச் சொல்லணும்.

நான் மட்டும் காத்திருக்காதவனா என்ன? 'பொன்னியின் செல்வ'னை எடுக்கப் போறேன்னு எம்.ஜி.ஆர் 1958-ல சொன்னாரு. மணிரத்னம் கையில அது வந்து சேந்தது 2022-ல. அதுக்குள்ள என் மனசுல இருந்த வந்தியத்தேவனுக்கு முட்டுவலியே வந்துருச்சு. அதனாலதான் சொல்லுதேன், காத்திருக்கது தப்பில்ல. என்னத்துக்குக் காத்திருக்கோம்னு தெரியணும்.

இந்த நார்னியா படத்துல நான் காத்திருக்கது ஒரே ஒரு எடத்துக்கு. டிகோரின்னு ஒரு பய வாரான்லா, அவன் அம்மை சாகக் கெடக்கா. நார்னியாவுக்கு அப்பால ஒரு தோட்டம், அதுல ஒரு ஆப்பிள். அதைப் பறிச்சுட்டு வரச் சொல்லிச் சிங்கம் அவனை அனுப்பியிருக்கு. இதைத் திருடிட்டுப் போயி அம்மைக்குக் குடு, பொழைச்சுக்கிடுவான்னு சூனியக்காரி தூண்டுதா. பய திருடல. சொன்னபடி கொண்டு குடுக்கான். அதுக்கு முன்ன, அம்மைக்காக அவன் அழுது நிமிர்ந்து பாக்கான், சிங்கத்தோட கண்ணுலயும் தண்ணி. கடைசியில சிங்கமே ஒரு பழத்தைப் பறிச்சுட்டுப் போகச் சொல்லுது. அம்மை பொழைச்சுக்கிடுதா.

எழுதுனவரு அம்மை பொழைக்கல, கேட்டியா. 1908-ல புத்துநோய்ல போயிட்டா. அப்பம் அவருக்கு ஒம்பது வயசு. அவரு பெரிய படிப்பெல்லாம் படிச்சு, சண்டைக்குப் போயி, தலை நரைச்ச பொறவு, அம்பத்தாறு வயசுல வந்த புஸ்தகத்துல ஒரு அம்மையைப் பொழைக்க வச்சாரு. இந்த எடத்தைக் கெர்விக் அம்மா எப்படி எடுக்கப் போறா? ஐமேக்ஸ் எதுக்கு இதுக்கு? ஒரு பயலும் ஒரு சிங்கமும் எதிரெதிர நின்னாப் போதும். இங்க ஒரு டிரம்ஸை அடிச்சுக் காதைக் கிழிச்சாங்கன்னா, அன்னைக்கு நானே ஒன் கூடச் சேந்து திட்டுதேன். ஆனா ஒங்க கூட்டத்துல இதைப் பத்தி ஒருத்தனும் மூச்சு விடல. சூனியக்காரி கிரீடத்துல எத்தனை முனைன்னு எண்ணிட்டு இருக்கீங்க.

வாத்தியாரோட சிநேகிதரு டோல்கீனுக்கே நார்னியா பிடிக்கல. ஒரே ஊருல இருந்து, ஒரே மேசையில உக்காந்து குடிச்சவரு. அவரு என்ன, ஊரைக் கூட்டிப் புறக்கணிப்புப் போராட்டம் நடத்துனாரா? எனக்குப் பிடிக்கலைன்னு சொல்லிட்டு அவரு சோலியைப் பாத்தாரு.

நீயும் ஒன் சோலியைப் பாரு. படம் வந்ததும் எனக்கும் ஒரு டிக்கெட் எடு. ஓரத்து சீட்டாப் பாத்து எடு, எனக்கு அடிக்கடி எந்திச்சுப் போகணும். ஒண்ணு மட்டும் இப்பமே சொல்லிட்டேன். உள்ள உக்காந்து 'புஸ்தகத்துல இப்படி இல்லையே தாத்தா'ன்னு என் காதுல ஊதுனேன்னு வையி, இடைவேளையில ஒனக்கு முறுக்கு கெடையாது.