வேலிக்கு உள்ளே பேஸ்பால்

லாஸ் ஏஞ்சல்ஸின் மேற்குப் பக்கம் 388 ஏக்கர் வளாகம். ஊனமுற்ற போர்வீரர்கள் குடியிருக்கட்டும் என்று 1888இல் தானமாகக் கிடைத்த நிலம். நல்ல நிலம் வீணாகலாமா? பல்கலைக்கழக பேஸ்பால் மைதானம் வந்தது. தனியார் பள்ளியின் நீச்சல்குளமும் டென்னிஸ் களமும் வந்தன. எண்ணெய்கூடத் தோண்டினார்கள். 2021இல் வீரர்களும் இருந்தார்கள், வேலிக்கு வெளியே நடைபாதையில், தேசியக் கொடி போர்த்திய கூடாரங்களில்.

வீடு கட்டாமல் இல்லை. ஆனால் குடிபுக வருமான வரம்பு உண்டு. ஊனத்துக்கு அரசு தரும் உதவித்தொகையும் அதில் வருமானம்தான். ஊனம் கூடினால் தொகை கூடும். தொகை கூடினால் வீடு கிடையாது. இரண்டு காலையும் போர்க்களத்தில் விட்டுவந்த புண்ணியவான், காகிதத்தில் பணக்காரர்! இந்த விதியைத் திருத்த 2024 ஆகஸ்டு வரை ஆயிற்று.

2015க்குள் நாட்டில் வீடில்லாத வீரரே இருக்கமாட்டார் என்று ஒபாமா அரசு சொல்லியிருந்தது. எண்ணிக்கை பாதிக்குமேல் குறைந்தது என்னவோ வாஸ்தவம். 2024 ஜனவரிக் கணக்கெடுப்பில் மிச்சம் 32,882 பேர்.