இறவாரத்துத் தம்ளர்

எட்டு வயதில் எனக்கு லத்தீன் தெரியும். பூசையில் சாமியார் ஒன்று சொன்னால் பதிலுக்கு நான் ஒன்று சொல்வேன். இரண்டும் எங்கள் ஊர் கீழவைப்பாரில் யாருக்கும் விளங்காது. ஆனாலும் விடியற்காலை அலைச் சத்தத்தோடு அந்த ஓசை சேர்ந்து எழும்போது வானத்தில் யாரோ காது கொடுத்துக் கேட்பதுபோல உடம்பு சிலிர்க்கும். வாட்டிகன் சங்கம் முடிந்து, பூசை தமிழுக்கு வந்து, சாமியாரும் எங்கள் முகம் பார்த்துத் திரும்பி நின்ற பிறகு எல்லாம் விளங்கத் தொடங்கியது. அந்தச் சிலிர்ப்பு மட்டும் எந்தப் பக்கம் போயிற்றோ. உங்களுக்கும் அப்படி ஒன்று இருந்திருக்கும், பள்ளிவாசல் பாங்கிலோ, அம்மன் கோயில் உடுக்கையிலோ.

எங்கள் தாத்தா முத்துக்குளித்தவர். தூத்துக்குடிக் கடலில் 1961இல் நடந்த கடைசி முத்துச் சலாபத்திலும் கல்லில் கால் வைத்து இறங்கியவர். அதற்குப் பிறகு முத்துச்சிப்பி அந்தப் பார்களில் முன்போல விளையவில்லை, கல்லும் கயிறும் எங்கள் வீட்டுப் பரணில் ஏறிக்கொண்டன. நல்ல முத்துக்காகத் தனக்குள்ளதையெல்லாம் விற்ற வியாபாரியைப் பற்றி இயேசு சொன்ன உவமையைக் கோயிலில் வாசிக்கும்போது தாத்தா மெல்ல என் பக்கம் குனிவார். "அந்த முத்த எடுத்தவன் யாருலே? அவனப் பத்தி ஒண்ணும் சொல்லலியே." சொல்லிவிட்டுச் சிலுவை போட்டுக்கொள்வார். அவருக்குப் பிடித்த இடம் வேறு. உயிர்த்த ஆண்டவர் கரையில் கரியை மூட்டி மீன் சுட்டு வைத்துக்கொண்டு, இரவெல்லாம் வலை வீசிக் களைத்து வந்தவர்களைச் சாப்பிட வாருங்கள் என்று கூப்பிடுகிறாரே, அந்த இடம். அதைக் கேட்டு வந்த நாளில் காய்ந்த பனையோலையைக் கொளுத்திச் சாளை சுட்டுத் தருவார். உப்பு போடவேண்டியதில்லை, கடல் போட்டிருக்கும். செதில் கருகி, உள்ளே எண்ணெய் சொட்டும் அந்த மீனை மணலில் குந்தியிருந்து விரல் சுடச்சுடத் தின்ற ருசியை, இன்று ஐஸ் பெட்டியில் நான்கு நாள் கிடந்து கரைக்கு வரும் எந்த மீனும் எனக்குத் திருப்பித் தரவில்லை.

கரைவலை இழுக்கும் நாளில் கயிற்றில் கை வைத்தவனுக்கெல்லாம் மீன் உண்டு. கைம்பெண் ஒருத்தி வெறுமனே கூடையோடு வந்து நின்றாலும், கேள்வி கேட்காமல் இரண்டு கை மீன் அவள் கூடையில் விழும். ஏலம் அதற்கப்புறம்தான். அள்ளிப் போட்டவர்களில் ஒருவருக்காவது மலைப்பொழிவு மனப்பாடமாகத் தெரிந்திருக்குமா என்றால், எனக்குச் சந்தேகம்தான். இப்போது வாசகம் எல்லோருக்கும் தெரிகிறது, காலை ஐந்து மணிக்கே செல்போனில் வந்துவிடுகிறது. என் சொந்தத்தில் ஒரு பையன் விடியும்போது பகைவரை நேசிக்கச் சொல்லும் வசனத்தை ரோஜாப்பூப் படத்தோடு அனுப்புகிறான். மத்தியானத்துக்குள் அதே எண்ணிலிருந்து, வேறு மதத்துக்காரர்களைத் திட்டி யாரோ எழுதியதும் வந்து விழுகிறது. தேர்தல் நெருங்கினால் ரோஜாப்பூவும் நின்றுபோகும். அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அது வேற, இது வேற மாமா" என்றான்.

அது வேறு, இது வேறு என்பதை அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று யோசித்தால், நாங்கள்தான் என்று தோன்றுகிறது.

எங்கள் வீட்டு இறவாரத்தில் ஓர் அலுமினியத் தம்ளர் செருகியிருக்கும். மேற்கே உள்ள ஓர் ஊரிலிருந்து உப்பளத்து வேலைக்கு வந்துபோகும் ஒரு மனிதர் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வருவார். அவரும் ஞானஸ்நானம் பெற்றவர், செபமாலையைக் கழுத்தில் போட்டிருப்பார். நன்மை வாங்க அவர் முழங்காலிட்டு நாக்கை நீட்டும்போது, அப்பத் துணுக்கு விழுந்துவிடாமல் அவர் தாடைக்குக் கீழே பித்தளைத் தட்டைப் பிடித்து நிற்பவன் நான். பூசை முடிந்து போகிற வழியில் அவர் எங்கள் வாசலில் தண்ணீர் கேட்பார். பாட்டி எனக்குக் கண்ணைக் காட்டுவாள். நான் எக்கி அந்தத் தம்ளரை உருவி, மேலேயிருந்து தண்ணீர் ஊற்றிக் கொடுப்பேன். குடித்துவிட்டு அவரே கழுவித் திரும்பச் செருகுவார். பாட்டி நல்லவள், தவக்காலம் நாற்பது நாளும் ஒருபொழுது இருந்தவள், பெரிய வெள்ளியன்று பாடுகளைக் கேட்டு மாரில் அடித்துக்கொண்டு அழுதவள். அவள் கண்ணீர் பொய்யில்லை. அந்தத் தம்ளரும் பொய்யில்லை. இரண்டையும் ஒரே வீட்டில் பார்த்து வளர்ந்த எனக்கு, அவை ஒன்றுக்கொன்று ஆகாதவை என்பது பட்டணத்துக்குப் படிக்கப் போன பிறகுதான் உறைத்தது.

அங்கே நூலகத்தில் எங்கள் கடற்கரையின் கதையைத் தேடிப் படித்தேன். 1535 முதல் 1537க்குள் முத்துக்குளித்துறையில் சுமார் 20,000 பரதவர் ஞானஸ்நானம் பெற்றார்கள். முத்துச் சலாப உரிமையில் மரைக்காயர்களோடு வந்த பகையில், போர்த்துக்கீசியரின் கப்பல் பலத்தைத் தேடிப் போனவர்கள் பதிலுக்குக் கொடுத்த வாக்கு அது. அரசியல் முதலில் வந்தது, வேதம் பின்னால் வந்தது. 1542இல் சவேரியார் வந்து மணியடித்துக்கொண்டு ஊர் ஊராக நடந்து பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக்கொடுத்தார். போர்த்துக்கீசிய அதிகாரிகள் எங்கள் ஆட்களைக் கொள்ளையடிப்பதைக் கண்டு நொந்து கடிதம் கடிதமாக எழுதியவரும் அவர்தான், பிள்ளைகளை விட்டுச் சிலைகளை உடைக்கச் சொன்னவரும் அவர்தான். இந்தத் துறை வருமானத்திலிருந்து ஆண்டுக்கு 4,000 பணம் போர்ச்சுகல் அரசியின் காலணிச் செலவுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. சவேரியார் அதை உபதேசியார்களின் சம்பளத்துக்குக் கேட்டு வாங்கினார். கல்லில் கால் வைத்து மூச்சடக்கி இறங்கியவனின் உழைப்பு ஓர் அரசியின் காலுக்குச் செருப்பாகவிருந்து, வழியில் மனம் மாறி வேதபாடமானது. பெரிய வியாழனன்று பன்னிரண்டு பேரின் காலைச் சாமியார் கழுவும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

தம்ளர் எங்கள் வீட்டில் மட்டுமா இருந்தது? வடக்கன்குளத்தில் 1872இல் கோயிலையே இரண்டு கைகளாகப் பிரித்துக் கட்டினார்கள். ஒரு கையில் ஒரு சாதி, மறு கையில் இன்னொரு சாதி. நடுவில் தடுப்பு, ஒருவரை ஒருவர் பார்க்கமுடியாது, பீடத்திலிருந்து சாமியார் மட்டும் இருவரையும் பார்க்கலாம். 1910இல் கௌசானல் அடிகளார் அந்தத் தடுப்பை இடித்தபோது, தடுப்பு வேண்டுமென்று விசுவாசிகளே வழக்குப் போட்டு மதராஸ் உயர் நீதிமன்றம்வரை போனார்கள். பேராசிரியர் ஆ. சிவசுப்பிரமணியன் 'கிறித்தவமும் சாதியும்' நூலில் இதையெல்லாம் எழுதியிருக்கிறார். படித்த இரவு எனக்குத் தூக்கம் இல்லை. சரி, அது பழங்கதை என்று ஆறுதல்பட்டுக்கொண்டிருந்தேன். 2008 மார்ச்சில் விழுப்புரம் பக்கம் எறையூரில் தலித் கிறித்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டதிலிருந்து மூண்ட கலவரத்தில், போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். அதுவும் தவக்காலத்தில். 1950ஆம் ஆண்டு ஆணையைக் காட்டிக் கிறித்தவனான தலித்தைப் பட்டியல் சாதியில் சேர்க்க மறுக்கும் அரசாங்கத்தின் மேல் நமக்குக் கோபம் வருகிறது, நியாயமான கோபம். அதே கோபத்தோடு நம் கல்லறைத் தோட்டங்களுக்குள் ஒரு நடை போய்வந்தால் என்ன?

ஆனாலும் என்னால் ஊரை வெறுக்க முடியவில்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணிக் கரையெல்லாம் கடலாகிவிட்டதே, அப்போது எங்கள் மாவட்டத்து மீனவர்கள் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு வயலுக்குள் போனார்கள். கூரை மேல் நின்ற கிழவியைத் தோளில் தூக்கி இறக்கும்போது யாரும் சாதி கேட்கவில்லை, சாமி கேட்கவில்லை. தொலைக்காட்சியில் அதைப் பார்த்து நான் அழுதேன். கரைவலையில் அள்ளிப் போட்ட அந்த இரண்டு கை மீன் அறுபது வருடம் கழித்து வேறு உருவில் திரும்பி வந்ததுபோல இருந்தது.

போன வருடம் பழைய வீட்டைப் பிரிக்கும்போது கல்லும் கயிறும் கிடைத்தன. தம்ளரும் கிடைத்தது, விளிம்பு நசுங்கி, பச்சைக் களிம்பேறாமல் அப்படியே. என் பேத்தி அதைக் கையில் எடுத்து, இது ஏன் தாத்தா தனியாக் கெடக்கு என்றாள். எதையும் மறைக்காமல் சொன்னேன். தட்டைப் பிடித்தது, எக்கி உருவியது, மேலேயிருந்து ஊற்றியது எல்லாம் சொன்னேன். அவள் கொஞ்சநேரம் தம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்.

"அவர் பேர் என்ன தாத்தா?"

எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை அவர் தாடைக்குக் கீழே தட்டைப் பிடித்திருக்கிறேன். எனக்கு அவர் பேர் தெரியாது.