ஒரு சாண் நெய்து பாருங்கள்

கேள்வி: லிபர் ஆபீஸ் மென்பொருளின் புதுப் பதிப்பு வெளிவரும் முன்பே 'சோதித்துச் சொல்லுங்கள்' என்கிறார்களே, அந்த வம்பு நமக்கெதற்கு?
– வாசகர், முசரவாக்கம்

பதில்: ஜக்கார்டு அட்டையில் ஒரு ஓட்டை விட்டுப்போனால் என்ன ஆகும் என்று பக்கத்துத் தறிக்காரரைக் கேளுங்கள். அந்த அட்டை சுற்றி வரும்போதெல்லாம் அன்னத்தின் மூக்கு மழுங்கும். முகூர்த்தப் புடவை முழுக்க மூக்கறுந்த அன்னம்! புது டிசைனை ஒரு சாண் நெய்து பார்ப்பது அதற்குத்தான். மென்பொருளுக்கும் அதே கதைதான்.

2017 பிப்ரவரியில் வந்த லிபர் ஆபீஸ் 5.3-இல் எழுத்துகளைக் கோக்கும் அடிப்படையையே மாற்றினார்கள். விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாவற்றுக்கும் ஹார்ஃப்பஸ் என்ற ஒரே கருவி. 'கொ'வுக்குக் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் நிற்கிறதா, 'ஸ்ரீ' உடையாமல் வருகிறதா? தமிழ் அறியாத நிரலாளர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. உங்கள் கண்தான் வேண்டும்.

பயப்படாதீர்கள். ஆல்பா, பீட்டா என்ற தொடக்கச் சோதனைப் பதிப்புகள் பழையதைத் தொடாமல் தனியாக அமரும். ஆர்.சி. என்ற கடைசிக்கட்டச் சோதனைப் பதிப்பு மட்டும் பழையதன் இடத்திலேயே உட்காரும். கூலிக் கணக்கு வைத்திருக்கும் கம்ப்யூட்டரில் அதை ஏற்றவே ஏற்றாதீர்கள். பழைய கல்யாணப் பத்திரிகையின் நகலைத் திறந்து, பி.டி.எஃப். ஆக்கிப் பாருங்கள். தப்பு தெரிந்தால் 'சரியில்லை' என்று மட்டும் எழுதாமல் எந்தப் பதிப்பு, எந்த எழுத்துரு, எதை அழுத்தினீர்கள் என்று படத்தோடு அனுப்புங்கள். தனியாகச் செய்யத் தயக்கமா? காஞ்சி லினக்ஸ் பயனர் குழு உங்கள் மாவட்டத்தின் பெயரைத்தானே சுமக்கிறது, உரிமையோடு கேளுங்கள்.