நட்டாராய்தல்: ஒரு மறுவாசிப்பு

சக்கரத்து நட்டைப் பற்றித் தமிழில் முறையான ஆய்வு எதுவும் எழவில்லை என்பது ஆய்வுலகம் வெட்கப்பட வேண்டிய செய்தி. யாரும் தொடாத பொருள் என்பதே முனைவர் பட்டத்துக்குப் போதிய தகுதியாகிவிட்ட காலத்தில் இந்த இடைவெளி நீடிப்பது முறையன்று. ஆகவே இக்கட்டுரை ஒரே ஒரு கருதுகோளை நிறுவ முற்படுகிறது: திருக்குறளின் 80ஆம் அதிகாரமாகிய நட்பாராய்தல் நண்பர்களைப் பற்றியதன்று, சக்கரத்தை ஹப்போடு பிணைக்கும் நட்டுகளைப் பற்றியது. தலைப்பிலுள்ள பகரம் ஏடெழுதியவர் கைப்பிழை; மூலபாடம் நட்டாராய்தல். நட்டார் என்றால் நண்பர் என்பதை எதிர்க்கட்சியினரே ஒப்புவர். நண்பரும் இறுகப் பற்றுவர், நட்டும் இறுகப் பற்றும். ஆங்கிலேயர் இச்சொல்லை நம்மிடமிருந்து கொண்டுபோனபோது ஈற்றிலிருந்த குற்றியலுகரத்தைக் கப்பலில் தவறவிட்டனர். நம் மெக்கானிக்குகள் அதை மீட்டுத் தந்தனர். இதற்குச் சான்று எங்கே என்று சிலர் வினவக்கூடும். வேர்ச்சொல் ஆய்வில் சான்று கேட்பது மரபன்று.

நட்டு நான்கு வகைப்படும்: இறுகிய நட்டு, இளகிய நட்டு, இறுக்கித் தொலைத்த நட்டு, இல்லாத நட்டு. இறுகிய நட்டு யாரையும் தொந்தரவு செய்யாது. எனவே ஆராய்ச்சிக்கு உரியதன்று. இல்லாத நட்டுக்கு ஒரே மேற்கோள் 108. இளகிய நட்டு தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும்: நட்டின் அடியிலிருந்து செந்நிறத் துருக்கோடு இறங்கும், துளையைச் சுற்றி இரும்பு தேய்ந்து பளபளக்கும், மெதுவாகப் போகையில் ‘கடக் கடக்’ என்று சத்தம் வரும், ஸ்டீயரிங் உதறும். இறுக்கித் தொலைத்த நட்டு நம் நாட்டுப் பண்பாட்டோடு பின்னிப் பிணைந்தது. சிறிய காரின் நட்டுக்குச் சுமார் 100 நியூட்டன் மீட்டர் முறுக்குப் போதும்; ஒரு மீட்டர்க் கைப்பிடியின் நுனியில் பத்துக் கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டால் கிடைப்பது அவ்வளவுதான். எழுபது கிலோ ஆள் முப்பது சென்டிமீட்டர் வீல் ஸ்பேனரின் நுனியில் ஏறி நின்றால் அதைப்போல் இரு மடங்கு. ஒரு குதி குதித்தால் கணக்கே இல்லை. சக்கரத்தை அசையாமல் வைத்திருப்பது ஸ்டட் என்னும் ஆணி ரப்பரைப்போல் சிறிதே நீண்டு, பழைய நீளத்துக்குத் திரும்பத் துடிக்கும் இழுப்பு. அந்த இழுப்புத்தான் சக்கரத்தை ஹப்போடு அழுத்திப் பிடிக்கிறது. ஏறிக் குதிப்பவர் ஆணியை ஒரேயடியாக நீட்டிவிடுகிறார். பிறகு அது எதையும் பிடிக்காது.

கருதுகோளின் முழு வலிமையும் அதிகார வைப்பில் இருக்கிறது. நட்பாராய்தலை அடுத்து 81ஆம் அதிகாரம் பழைமை. இது துருவேறிய பழைய ஸ்டட்டுக்குக் கிரீஸ் தடவுவோரை எச்சரிப்பது. நாம் முறுக்கும் முறுக்கில் ஏறக்குறையப் பாதி நட்டின் அடியிலும், நூற்றுக்கு நாற்பது மரையிலும் உராய்வாகவே கரைந்துபோக, மிச்சமுள்ள பத்துப் பங்குதான் ஆணியை இழுக்கிறது. கிரீஸ் அந்த உராய்வைக் குறைத்துவிட, அதே முறுக்கு ஆணியை அளவுக்கு மீறி இழுத்துவிடும். 82 தீ நட்பு. இது மரை ஒவ்வாத நட்டு. 12 மில்லிமீட்டர் ஸ்டட்டிலேயே ஒரு கம்பெனி 1.25 மில்லிமீட்டர் மரை இடைவெளி வைக்கும், இன்னொன்று 1.5 வைக்கும். மாற்றி மாட்டினால் முதல் சுற்று விரலாலேயே போகும். அப்புறம் ஸ்பேனரால் வற்புறுத்தினால் மரையை அரைத்துக்கொண்டு உள்ளே போகும். 83 கூடா நட்பு; இது உருண்டை அடி நட்டுக்கென்று குடைந்த அலாய் வீலில் கூம்பு அடி நட்டை மாட்டுவது. பார்வைக்குப் பாந்தமாக உட்கார்ந்திருக்கும். உள்ளே ஒரு மெல்லிய வளையம் மட்டுமே தொட்டுக்கொண்டிருக்கும். அகத்தால் கூடாமல் புறத்தால் கூடி நிற்பதே கூடா நட்பு என்று பரிமேலழகர் விளக்கியது அலாய் வீலைக் கண்ட பிறகே என்பதில் ஐயமில்லை.

இனி, அறிஞர் உலகைப் பிளந்திருக்கும் பெருவினா: கழன்றது மரையா, மறையா? ‘மரை கழன்ற ஆள்’ என்னும் வழக்கில் வல்லின றகரமே சரி என்பார் ஒரு சாரார். ஆணி நட்டுக்குள் மறைந்திருத்தலின் மறை. இடையினக் கட்சியினர் அதை மறுத்து, தாமரை என்பது தலை குறைந்து மரை என முதற்குறையாய் நிற்கும் என்றும், ஹப்பைச் சுற்றி ஐந்து நட்டுகள் இதழ் விரித்திருப்பதைக் கண்ணுள்ளோர் காண்க என்றும் கூறுவர். மரை என்பது மானினத்துள் ஒன்று, கழன்ற சக்கரம் வயலுக்குள் துள்ளி ஓடுவதால் இது உவமையாகுபெயர் என்பார் மூன்றாம் சாரார். மரை எப்படிக் கழலும், நட்டல்லவா கழலும் என்று கேட்ட நான்காம் சாராரை, சினையாகுபெயர் அறியாதவர் என்று மூவரும் ஒன்றுகூடி வெளியேற்றினர். பஞ்சர்க் கடைச் சாசனங்களில் தேடலாமென்றால், சாலையோர டயர்களில் வெள்ளைப் பெயிண்டால் பொறித்த பாடங்கள் பஞ்சர், பங்சர், பஞ்ஜர் என்று தமக்குள்ளேயே வேறுபடுகின்றன. எட்ட நிற்கும் சொல்லை இழுத்து வந்து மாட்டிப் பொருள் கொண்டதற்காக நச்சினார்க்கினியரை மறைமலையடிகள் முல்லைப்பாட்டு ஆராய்ச்சியில் கடிந்தார். இன்றைய ஆய்வாளர்கள் கடிவாரின்றி மாட்டுகிறார்கள். பழைய லாரிகளில் இடப்பக்கச் சக்கரங்களுக்கு இடமரை உண்டு. அது தெரியாதவர் இறுக்குவதாக எண்ணி மூச்சு வாங்க வாங்கத் தளர்த்துவார். தமிழாய்வில் இதற்கு முன்னோடிகள் பலர்.

இத்துணைச் சிறிய பொருளுக்கு இவ்வளவு ஆராய்ச்சியா என்பது முதல் தடை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் லாரிச் சக்கரங்கள் கழன்று உயிர்கள் போனபின் 1997இல் சட்டம் இயற்றி, 50,000 டாலர் வரை அபராதம் வைத்தது. கவனமாகத்தான் இருந்தேன் என்னும் வாதம்கூட அங்கே செல்லாது. இரண்டாம் தடை சற்றுக் கடினமானது. வள்ளுவர் சக்கரத்தைப் பற்றி உண்மையிலேயே சொல்லியிருக்கிறார், ஆனால் அது நட்பதிகாரங்களில் இல்லை என்பர். 67ஆம் அதிகாரமாகிய வினைத்திட்பத்தில், பெரிய தேருக்குச் சிறிய அச்சாணி எப்படியோ அப்படிப்பட்டவர் உலகில் உண்டு, உருவத்தைக் கண்டு இகழக் கூடாது என்று வெளிப்படையாகவே கூறுகிறார். சக்கரம் கழலாமல் காப்பது அச்சாணியின் வேலைதானே என்று கேட்கிறார்கள். இச்சான்றை நாம் அறியாமல் இல்லை. பாடபேதமின்றி, ஆகுபெயரின்றி, படித்த மாத்திரத்தில் எவருக்கும் விளங்கிவிடுவதால் அது ஆய்வுக்கு உதவாது.

கடைசித் தடை பஞ்சர்க் கடையிலிருந்து வருகிறது. அங்கே சக்கரம் மாட்டும் பையன் ஹப்பின் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்கிறான். நட்டுகளைக் கையாலேயே ஓட்டி உட்கார வைக்கிறான். பக்கத்து நட்டை விட்டு எதிர் நட்டாக, நட்சத்திரக் கோலம் போடுவதுபோல் மாற்றி மாற்றி முறுக்குகிறான். ஜாக்கியை இறக்கிச் சக்கரம் தரையில் ஊன்றியபின் இன்னொரு சுற்று இறுக்குகிறான். துருவும் பெயிண்டும் ஓட்டத்தில் அமுங்கி நட்டு இளகும் என்பதற்காக, “அம்பது நூறு கிலோமீட்டர் ஓடுனதும் வந்து ஒருவாட்டி டைட் வெச்சுக்குங்க சார்” என்கிறான். 80ஆம் அதிகாரத்தை இதைவிடச் சுருக்கமாக எவரும் உரைத்ததில்லைதான். ஆயினும் அவன் கூற்றில் ஓர் அடிக்குறிப்புகூட இல்லாததால், ஆய்வுலகம் அதை ஏற்பதற்கில்லை.