மஞ்சக் கடுதாசிக்கு முந்தி ஒரு வெள்ளைத்தாள்

வாங்க மருமகனே, வாங்க! மஞ்சக் கடுதாசி குடுக்கப் போறீங்கன்னு ஊருக்குள்ள பேச்சு. நம்ம வம்சத்துல கோர்ட்டுப் படி ஏறி, 'என்கிட்ட ஒண்ணுமில்ல'ன்னு சர்ட்டிபிகேட் வாங்கப் போற மொத ஆளு நீங்கதான். உங்க தாத்தா, பாட்டன் எல்லாம் சர்ட்டிபிகேட் இல்லாமலேயே ஒண்ணுமில்லாம இருந்துட்டுப் போயிட்டாங்க.

சரி, மரியாதை போதும். உக்காரு. அந்தக் காலண்டர் தாளைக் கிழி, பின்பக்கம் வெள்ளையா இருக்கும். நான் சொல்லச் சொல்ல எழுது.

வரவு. கோவில்பட்டி குடோன் சம்பளம் 18,000. ஒன் பொண்டாட்டிக்கு வர்ற மகளிர் உரிமைத் தொகை 1,000. அது அவ காசு, நீ தொடப்படாது; வீட்டுச் செலவுன்னு மட்டும் சேத்துக்குவோம். ஆக 19,000.

செலவு. வாடகை 4,000. அரிசி, பலசரக்கு, காய், பால் 6,500. கேஸ், கரண்ட், போன் 1,500. பிள்ளைக வேன் காசு 1,500. மருந்து மாத்திரை 500. ஆக 14,000. மிச்சம் 5,000. பரவாயில்லயே, மிராசுதாரு!

இப்ப தவணையை எழுது. பைக் 2,700. குழுக்கடன் 2,600. கூட்டுறவு சங்கம் 2,000. கிரெடிட் கார்டு மினிமம் 3,500. தண்டல் நாளுக்கு 100, மாசம் 3,000. போன் ஆப்புக் கடன் 2,000. கூட்டு. 15,800. கையில 5,000-ஐ வச்சுக்கிட்டு 15,800 கட்டுற வித்தையை ஒரு வருசமாச் செஞ்சிருக்க! எப்படின்னு எனக்கும் தெரியும். இந்தக் கிணத்தை மூட மண்ணு வேணும்னு பக்கத்துல இன்னொரு கிணறு தோண்டியிருக்க. இப்ப நிக்க இடமில்ல.

ஒரு கேள்விக்கு மட்டும் உண்மையைச் சொல்லு. சம்பளம் வந்ததும் மொதல்ல யாருக்குக் கட்டுவ? தண்டல்காரனுக்கு. ஏன்? வாசல்ல நின்னு சத்தம் போடுறான். அடுத்து ஆப்புக்காரன். அவன் ஒன் போன்ல இருக்குற நம்பருக்கெல்லாம் கூப்பிடுறான். என்னையும் கூப்பிட்டான், ஒன்னப் பத்திப் பேசுனதைத் தவிர மத்தபடி மரியாதையான பையன். வீட்டுக்காரரு சத்தம் போடாத மனுசன், அதனால அவருக்கு மூணு மாசப் பாக்கி. அரிசிப்பானை வாயே திறக்காது, அதனால அதுக்குக் கடைசி. இதுக்குப் பேரு பட்ஜெட் இல்ல மாப்ளே, பயம். எவன் தொண்டை பெருசோ அவனுக்கு மொதப் பந்தி.

அந்த வரிசையைத் தலைகீழாத் திருப்பு. அதுதான் என் யோசனை. மொதல் வரி, அடுப்பு. ரேசன்ல அரிசி சும்மா கெடைக்குது, துவரம்பருப்பு கிலோ 30 ரூவா, பாமாயில் லிட்டர் 25 ரூவா. நீ என்ன செய்யுற? ரேசன் அரிசியைக் கோழிக்குப் போட்டுட்டு, பொன்னி அரிசியைக் கடன் சொல்லி வாங்குற. அந்தக் கோழிக்கு மட்டும்தான் ஒன் வீட்டுல கடன் கிடையாது. ரெண்டாவது வரி, வாடகை. மூணாவது கரண்ட், ரெண்டு மாசத்துக்கு மொத 100 யூனிட் இலவசம், மிச்சத்தைப் பாத்துச் செலவழி. அப்புறம் பிள்ளைக படிப்பு, மருந்து. இந்த அஞ்சையும் எடுத்து வச்சுட்டுத்தான் எந்தக் கடன்காரன் முகத்தையும் பாக்கணும்.

பைக்கை ஏன் கட்டிக்கிட்டு அழுற? தவணை தவறுனா தூக்கிட்டுப் போவாங்க. ஏலத்துல கிடைச்ச விலைக்குத் தள்ளிட்டு, விழுற துண்டையும் ஒன்கிட்டதான் கேப்பாங்க. அதுக்கு முந்தி பைனான்ஸ்ல எழுத்துல சொல்லிட்டு நீயே வித்து அடை. ஒன் பொண்டாட்டியை ஏத்திக்கிட்டுப் போறதுக்குன்னு சாக்குச் சொல்லாத. சாதா டவுன் பஸ்ல பொம்பளைகளுக்கு 2021லேர்ந்து டிக்கெட் காசு கிடையாது. ஒன் வண்டியை விட அதுல பத்திரமாப் போவா.

கார்டு விசயம் இன்னும் அழகு. நம்மூருல மூணு வட்டிக்கு விடுறவனைக் கண்டா நாலு வார்த்தை ஏசிட்டுத்தான் அந்தப்பக்கம் போவோம். அதே மூணரை வட்டி பிளாஸ்டிக் அட்டையில வந்தா, பர்சுல சாமி படத்துக்குப் பின்னால வச்சுக்கிறோம். மினிமம் மட்டும் கட்டுனா அவனுக்குச் சந்தோசம். நீ காலத்துக்கும் வாடிக்கையாளர்.

தண்டல்காரன் 10,000-ன்னு எழுதி 8,500-ஐக் கையில குடுத்து, 100 நாளு 100 ரூவா வாங்குறான். வருசக் கணக்குப் போட்டா வட்டி நூத்துக்கு நூறைத் தாண்டும். தமிழ்நாட்டுல 2003லயே சட்டம் வந்துருச்சு. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாம் குத்தம். மூணு வருசம் வரைக்கும் ஜெயிலு. கையில வாங்குனது எவ்வளவு, இதுவரை கட்டுனது எவ்வளவுன்னு தேதியோட எழுதி வை. அந்தத் தாளைக் காட்டுனாலே அவன் குரல் பாதி இறங்கும். மிரட்டுனா போலீசுல மனு குடு. வங்கி, பைனான்ஸ்காரங்க வசூலுக்கும் நேரம் உண்டு. காலையில 8 மணிக்கு முந்தியும் சாயங்காலம் 7 மணிக்குப் பிந்தியும் கூப்பிடப்படாதுன்னு ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கு. குழுக்கடன் குடுக்குறவங்களுக்கும் 2022ல விதி போட்டாங்க, குடும்பத்தோட மொத்தத் தவணை வருமானத்துல பாதியைத் தாண்டப்படாதுன்னு. ஒன் தவணை பாதியைத் தாண்டி எங்கயோ போயிருச்சு. கேட்டவனும் யோசிக்கல, குடுத்தவனும் யோசிக்கல.

இனி ஒன் ஆசைப்படி மஞ்சக் கடுதாசிக்கு வருவோம். வெள்ளைக்காரன் 1920ல போட்ட திவால் சட்டம்தான் நம்மூருப் பக்கம் இன்னும் ஓடுது. 2016ல புதுச் சட்டம் வந்துச்சு. ஆனா ஒன்ன மாதிரி தனி ஆளுக்கான பகுதியை இன்னும் நடைமுறைக்குக் கொண்டு வரல. பழைய சட்டப்படி 500 ரூவாக் கடன் இருந்தாலே மனுப் போடலாம். அப்படிப் பாத்தா டீக்கடைக் கணக்குலயே நீ எப்பவோ தகுதி ஆயிட்ட.

ஆனா நீ நினைக்குற மாதிரி அது ஓடி ஒளியுற வழி இல்ல. ஊர் எல்லையில இருக்குற மூணு சென்ட் மனையை மச்சான் பேருக்கு எழுதி வச்சுட்டு அப்புறமா மனுப் போடலாம்னு யோசிக்கிறியாமே? சும்மா எழுதிக் குடுத்ததை ரெண்டு வருசம் வரைக்கும் பின்னால போய்த் தோண்டி ரத்து பண்ண அந்தச் சட்டத்துல வழி இருக்கு. மனுவுக்கு முந்துன மூணு மாசத்துல வேண்டப்பட்ட ஒருத்தனுக்கு மட்டும் சலுகையாக் கடனை அடைச்சாலும் செல்லாது. திவால்னு ஆன பிறகு அதைச் சொல்லாம 50 ரூவாக் கடன் வாங்குனாலே குத்தம், ஆறு மாசம் வரைக்கும் ஜெயிலு. டீ, வடை, சிகரெட்டுன்னு பாக்கி சொல்றதுக்கு முந்தி, "அண்ணே, நான் திவாலு"ன்னு சொல்லியாகணும். கடைக்காரருக்குத்தான் அது தெரியுமே! எம்.எல்.ஏ. தேர்தல்லயும் நிக்க முடியாது. நாட்டுக்கு அது ஒரு லாபம்.

பயப்படவும் வேண்டாம். ஜப்தின்னு வந்தாலும் சமையல் பாத்திரம், உடுத்துற துணி, படுக்கை, தாலி, தொழில் செய்யுற கைக்கருவி, பி.எப். பணம் இதையெல்லாம் தொட முடியாது. சம்பளத்துலயும் மொத 1,000 போக, மிச்சத்துல மூணுல ரெண்டு பங்கு ஒனக்கு விட்டுரணும்.

இன்னொரு சின்ன விசயம். கோர்ட்டு ஒன்னைக் கடன்லேர்ந்து விடுவிச்சாலும், ஜாமீன் போட்டவனை விடுவிக்காது. கூட்டுறவு சங்கக் கடன்ல ஜாமீன் கையெழுத்து யாருது? இந்தக் கிழவனுது. ஒன் பட்ஜெட் மேல மாமனுக்கு ஏன் இத்தனை பாசம்னு இப்பப் புரியுதா?

அதனால செய்ய வேண்டியதைக் கேளு. இந்தத் தாளை ஆறேழு நகல் எடு. வரவு, செலவு, யாருக்கு எவ்வளவு பாக்கி, என்ன சொத்து, ஒண்ணையும் மறைக்காம எழுது. ஒவ்வொரு கடன்காரனுக்கும் ஒண்ணு குடுத்து, 'மாசம் இவ்வளவுதான் என்னால முடியும்'னு எழுதிக் கையெழுத்து வாங்கு. ஒத்துக்கலன்னா தாலுகா கோர்ட்டுல இலவச சட்ட உதவி மையம் இருக்கு. பொம்பளைகளுக்கு வருமான வரம்பே கிடையாது, குழுக்கடன் ஒன் பொண்டாட்டி பேருலதான இருக்கு, அவளைக் கூட்டிட்டுப் போ. லோக் அதாலத்துல பேசி முடிச்சா வட்டியில கொஞ்சம் கழியவும் வாய்ப்பு உண்டு.

எல்லாம் செஞ்சும் முடியலன்னா, கடுதாசியைக் குடு. அதுல வெக்கமில்ல. கோர்ட்டு கேக்கப் போறதும் இதே தாளைத்தான்: என்ன கடன், யாருகிட்ட, என்ன சொத்து. இதை நேர்மையா எழுதுனவன் கோர்ட்டுக்குப் போகாமலே தப்பிச்சாலும் தப்பிப்பான். போனவனும் தலை நிமிந்து நிப்பான்.

இந்த மாசச் சம்பளத்துல மொதல்ல அரிசி வாங்கு, வாடகையைக் குடு. அப்புறம் சங்கத்துத் தவணை. என் பேச்சுல கொஞ்சம் சுயநலம் இருக்கத்தான் செய்யும். அதைக் கழிச்சுட்டு மிச்சத்தைக் கேளு, வீடு பிழைக்கும்.