பேரீச்சம்பழத்துக்குத் தப்பிய எதிர்காலம்

பத்தாவது பரீட்சை எழுதிவிட்டு மாமா ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்துத் திரும்பியபோது, பரணில் இருந்த என் அட்டைப்பெட்டியைக் காணோம். உள்ளே முத்து காமிக்ஸ் இருந்தது. பெரும்பாலும் இரும்புக்கை மாயாவி. அம்மாவிடம் கேட்டேன்.

“அந்தக் குப்பையா? பேரீச்சம்பழக்காரன் வந்தான், போட்டுட்டேன். சம்படத்துல இருக்கு, எடுத்துத் தின்னு.”

மாயாவி மின்சாரத்தைத் தொட்டால் உடம்பு மறைந்துபோகும், இரும்புக்கை மட்டும் தெரியும். இந்த முறை கையும் சேர்ந்து மறைந்துவிட்டது.

பல வருடம் கழித்து, சியாட்டிலில் வேலை பார்க்கும் அக்கா மகன், “மாமா, உங்களுக்குன்னே ஒரு மியூசியம் இருக்கு” என்று அழைத்துப்போனான். டிக்கெட் விலையை ரூபாயில் பெருக்கிப் பார்த்து எனக்கு லேசாகத் தலை சுற்றியது. “பெருக்காதீங்க மாமா, அப்புறம் எதையும் பார்க்க முடியாது” என்றான். அனுபவசாலி.

அந்த மியூசியம் நிற்கும் இடமே ஒரு பழைய எதிர்காலம்தான். 1962-ல் அங்கே ஓர் உலகப் பொருட்காட்சி நடத்தி, இருபத்தொன்றாம் நூற்றாண்டு எப்படி இருக்கும் என்று மக்களுக்கு முன்கூட்டியே காட்டினார்கள். அதற்காக 605 அடி உயரத்தில் ஒரு கம்பத்தை நட்டு உச்சியில் பறக்கும் தட்டைச் செருகியது போல ‘ஸ்பேஸ் நீடில்’ கோபுரத்தைக் கட்டினார்கள். நாளைய மனிதன் இதில்தான் போவான் என்று ஒற்றைத் தண்டவாள மோனோரயிலும் விட்டார்கள். நாளைய மனிதன் இன்றும் அதில் போகிறான், சுமார் ஒன்றரை கிலோமீட்டர். போய்விட்டு அதே வழியில் திரும்பி வருகிறான். 1988-ல் ஒரு வணிக வளாகத்துக்காக நிலையத்தை மாற்றியபோது, ஒரு வளைவில் இரண்டு தடங்களையும் நெருக்கிப் போட்டுவிட்டார்கள். இரண்டு வண்டிகள் ஒரே நேரத்தில் அங்கே போக முடியாது. மொத்தம் இருப்பதே இரண்டு வண்டிகள். 2005 நவம்பரில் அவை இரண்டும் சரியாக அங்கேயே சந்தித்து உரசிக்கொண்டன.

இந்த மோனோரயில் புகுந்து புறப்படும் கட்டடம்தான் மியூசியம். ஃபிராங்க் கெரி என்ற பெரிய கட்டடக்கலைஞர், எலக்ட்ரிக் கிதார்களை உடைத்துப் போட்டு, அந்தத் துண்டுகளின் வளைவுகளிலிருந்து வடிவமைத்தது. கலர் தகரத்தை யாரோ கோபத்தில் கசக்கி எறிந்ததுபோல இருக்கும். 24 கோடி டாலர். கட்டியவர் பால் ஆலன், பில் கேட்ஸோடு சேர்ந்து 1975-ல் மைக்ரோசாஃப்டை ஆரம்பித்தவர். அதே ஊரில் பிறந்த கிதார்க் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் பரம ரசிகர். 2000-ல் இசைக்கான மியூசியமாகத் திறந்தார்கள். எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. ஓடாத ஒரு பகுதியைக் காலிசெய்து, 2004 ஜூனில் அதற்குள் அறிவியல் புனைகதை மியூசியத்தை வைத்தார் ஆலன். நம்மூரில் கல்யாண மண்டபம் ஓடாவிட்டால் பாதியை மறித்து பர்னிச்சர் கடைக்கு விடுவதில்லையா, அதுபோல. பிறகு பெயர்ப் பலகைகள் மாறி, எல்லாம் ஒரே பாப் கலாச்சார மியூசியம் ஆகிவிட்டது. விண்வெளிக்காரர்கள் இப்போது இருப்பது கீழ்த்தளத்தில்.

ஆலனுக்கு ஏன் இந்த வெறி? இதைத் தெரிந்துகொண்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் வீடு படித்தவர் வீடு. அப்பா பல்கலைக்கழக நூலகத்தில் உயர் அதிகாரி, அம்மா பள்ளி ஆசிரியை. பையன் அறை முழுக்க விண்வெளிக் கதைப் புத்தகங்களை அடுக்கி வைத்திருந்தான். வெளியூர் போய்ப் பெரிய ஆளாகித் திரும்பிப் பார்த்தால் அலமாரி காலி. அம்மா விற்றுவிட்டார். நூலகர் வீட்டிலேயே இந்தக் கதி என்றால் நான் எந்த மூலை?

வித்தியாசம் இதற்கப்புறம்தான். நான் பேரீச்சம்பழத்தைத் தின்றேன். ஆலன் அந்த அறையில் எடுத்த ஒரு பழைய போட்டோவைத் தேடிப் பிடித்து, பெரிதுபடுத்தி, அலமாரியில் தெரிந்த புத்தக முதுகுகளில் இருந்த தலைப்புகளை ஒவ்வொன்றாகப் படித்து, ஆட்களை விட்டு அத்தனையையும் திரும்ப வாங்க வைத்தார். காசிருப்பவன் அம்மாவோடு இப்படித்தான் சண்டை போடுவான். மியூசியம் அந்தச் சண்டையின் இரண்டாம் பாகம் என்பது என் அபிப்பிராயம்.

உள்ளே நடுநாயகமாக இருந்தது ஸ்டார் ட்ரெக் கேப்டன் கிர்க்கின் நாற்காலி. 2002-ல் 3 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. அண்டசராசரத்தையும் ஆண்ட அந்த ஆசனம், அடிப்படையில் ஒரு பர்னிச்சர் கம்பெனியின் வரவேற்பறை நாற்காலி. அதை ஒரு பலகைப் பெட்டிமேல் ஏற்றி, கைப்பிடியில் பொத்தான்கள் ஒட்டினார்கள். 1966-ல் தொடங்கிய அந்தத் தொடரே தீப்பெட்டி ஆபீஸ் பட்ஜெட்டில் ஓடியது. ஒவ்வொரு வாரமும் விண்கலத்தை ஒரு கிரகத்தில் இறக்கிக் காட்டக் கட்டுப்படியாகாது என்பதால், ஆளை ஒளியாகக் கரைத்து அனுப்பும் டிரான்ஸ்போர்ட்டரைக் கண்டுபிடித்தார்கள். மனித குலத்தின் மகத்தான கனவு ஒன்று புரொடக்‌ஷன் மேனேஜரின் கணக்கு நோட்டில் பிறந்தது. கரையும்போது தெரியும் மினுமினுப்பு, வெளிச்சத்தில் தூவிய அலுமினியப் பொடி. ஒரு காட்சிக்காக விசித்திரமான உப்புக் குடுவைகள் வாங்கிவந்தார்கள். பார்த்தால் யாருக்கும் உப்புக் குடுவை என்றே புரியாது என்று ஒதுக்கிவிட்டு, வீணாக்குவானேன் என்று கப்பல் டாக்டர் மெக்காயின் கையில் அறுவைக் கருவியாகக் கொடுத்துவிட்டார்கள். எங்கள் அம்மா எடுத்திருந்தாலும் இப்படித்தான் எடுத்திருப்பார்.

இதைப் பார்த்து நாம் சிரிக்கக் கூடாது. 1952-ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்கர்களோடு கூட்டுச் சேர்ந்து ‘காடு’ என்று ஒரு படம் எடுத்தது. ஆங்கிலத்தில் ‘தி ஜங்கிள்’. அழிந்துபோன மாமத் யானைகள் திரும்பி வருவதுதான் கதை. ஹாலிவுட்டுக்கு மாமத் என்றால் பொம்மை செய்ய வேண்டும். சேலத்துக்கு அந்தக் கவலை கிடையாது. நிஜ யானையைப் பிடித்து வந்து உடம்பெல்லாம் முடியைப் போர்த்தினார்கள், மாமத் ரெடி. அந்த வெயிலில் கம்பளி போர்த்திக்கொண்டு நடித்த யானைகளுக்கு எந்த மியூசியத்திலாவது ஒரு மூலை ஒதுக்கியிருக்கிறார்களா என்று தேடினேன். சியாட்டிலில் இல்லை.

அடுத்து, இந்தத் துறையின் பெரியவர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேம். முதல் வரிசைப் பெரியவர்களில் ஹியூகோ கெர்ன்ஸ்பேக் இருக்கிறார். லக்ஸம்பர்க்கிலிருந்து அமெரிக்காவுக்கு வந்து பேட்டரி, ரேடியோ உதிரிபாகம் விற்று, பத்திரிகை முதலாளி ஆனவர். 1926 ஏப்ரலில் ‘அமேஸிங் ஸ்டோரீஸ்’ தொடங்கினார். இந்த வகைக் கதைகளுக்கென்றே வந்த முதல் ஆங்கிலப் பத்திரிகை. முதல் இதழில் எழுத்தாளர்கள் போ, வெர்ன், வெல்ஸ் என்று எல்லாம் பழைய சரக்கு. போதாததற்கு, பத்திரிகையின் உள்ளே ஜூல் வெர்னின் கல்லறைப் படம். எதிர்காலத்தைப் பற்றிய பத்திரிகையைச் சமாதியோடு தொடங்கிய மனிதர் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

எழுதியவர்களுக்குக் காசு கொடுப்பது மட்டும் அவருக்குக் கடைசிவரை கைவராத கலை. கேட்டுக் கேட்டு அலுத்து வக்கீலிடம் போனவர்கள் உண்டு. திகில் கதை மன்னர் லவ்கிராஃப்ட் அவரைக் குறிப்பிடும்போது ‘எலி’ என்றே எழுதினார். அந்த எலியின் பெயரில்தான் 1953 முதல் ஹியூகோ விருது வழங்குகிறார்கள். பைசா பெயராத இடத்திலிருந்து ஒரு கோப்பையாவது வருகிறதே என்று எழுத்தாளர்களும் வாங்கிக்கொள்கிறார்கள்.

எனக்கு அவரிடம் பிடித்தது 1925-ல் அவர் கண்டுபிடித்த ‘ஐசொலேட்டர்’. படிக்கும்போது கவனம் சிதறாமல் இருக்கத் தலையோடு மாட்டிக்கொள்ளும் மரத் தலைக்கவசம். சத்தம் புகாது, கண்ணுக்கு நேரே ஒரு கீற்று மட்டும். மாட்டிக்கொண்டவனுக்குக் கொஞ்ச நேரத்தில் தூக்கம் சொக்கியது. உடனே பக்கத்தில் ஆக்ஸிஜன் சிலிண்டரை வைத்து ஒரு குழாயைச் சொருகினார். நம்மூர் நீட் கோச்சிங் ஆட்கள் யாரும் இந்தப் போட்டோவைப் பார்க்காமல் இருக்க வேண்டுமே என்று அங்கேயே நின்று வேண்டிக்கொண்டேன்.

கெர்ன்ஸ்பேக் விதைத்த ரசிகர்கள் வளர்ந்து 1939 ஜூலையில் நியூயார்க்கில் முதல் உலக மாநாடு கூட்டினார்கள். உலகம் என்றால் சுமார் 200 பேர். அமெரிக்காவைத் தாண்டி வந்தவர்கள் அபூர்வம், ஆனாலும் பெயர் உலக மாநாடு. நமக்கு இந்த நடைமுறை தெரியாததா? கூட்டம் கூடிவிட்டால் கட்சி பிளக்க வேண்டுமே, அதுவும் அன்றே நடந்தது. நடத்தியது ஒரு கோஷ்டி. ‘ஃபியூச்சரியன்ஸ்’ என்ற எதிர் கோஷ்டிக்கு லேசான இடதுசாரி வாடை. இவர்கள் உள்ளே வந்தால் கலாட்டா செய்வார்கள் என்று பயம். அந்த நேரம் பார்த்து, அமைப்பாளர்களைச் சர்வாதிகாரிகள் என்று திட்டி அச்சடித்த துண்டுப் பிரசுரக் கட்டு ஒன்று மண்டபத்தில் அகப்பட்டது. வாசலிலேயே ஆறு பேரை நிறுத்திவிட்டார்கள். அதில் ஃபிரெடரிக் போல், சிரில் கார்ன்ப்ளூத், டொனால்ட் வோல்ஹைம் எல்லாம் உண்டு. பின்னாளில் இந்தத் துறையே இவர்கள் கையில்தான் இருந்தது.

வேடிக்கை என்னவென்றால், பிரசுரத்தை எழுதிய டேவ் கைல் என்பவரை யாரும் தடுக்கவில்லை. அவர் ஜோராக உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார். பாவம், வெளியே நின்ற ஆறு பேருக்கும் அப்படியொரு பிரசுரம் இருப்பதே தெரியாது. அதே கோஷ்டியைச் சேர்ந்த இன்னொரு பொடியனும் எப்படியோ உள்ளே நுழைந்து, நண்பர்களை விட்டுவிட்டோமே என்ற குற்ற உணர்ச்சியோடு நாற்காலியை மட்டும் விடாமல் உட்கார்ந்திருந்தான். வயது 19. பெயர் ஐசக் அசிமோவ்.

அதே மாநாட்டுக்கு லாஸ் ஏஞ்சலஸிலிருந்து 22 வயது இளைஞர் ஒருவர் எதிர்கால மனிதனின் உடையில், பச்சை மேலங்கி பறக்க வந்து இறங்கினார். தைத்துக் கொடுத்தது அவருடைய தோழி மர்ட்டில் டக்ளஸ், அவரும் அதே தினுசு வேடத்தில். இருவரும் உலகப் பொதுமொழியாகப் போகிறது என்று நம்பப்பட்ட எஸ்பெராண்டோவில் பேசிக்கொள்பவர்கள் வேறு. எல்லோரும் இப்படித்தான் வருவார்கள் என்று நினைத்து வந்திருக்கிறார்கள். 200 பேரில் வேடம் போட்டவர்கள் இந்த இரண்டே பேர். நியூயார்க் தெருவில் குழந்தைகள் பின்னாலேயே வந்தார்கள். வேறு யாராவது என்றால் ஊருக்கு ரயிலேறியிருப்பார்கள். இவர் ஃபாரஸ்ட் ஜே. அக்கர்மன், இவருக்கு வெட்கம் என்ற உறுப்பே கிடையாது. இன்று காஸ்ப்ளே என்று உலகமெங்கும் நடக்கும் மாறுவேடப் போட்டிகளுக்கு அன்றைக்குத்தான் பிள்ளையார் சுழி.

‘சை-ஃபை’ என்ற சொல்லும் அவர் உபயம். 1954-ல் காரில் போகும்போது ரேடியோவில் ‘ஹை-ஃபை’ என்று கேட்டிருக்கிறார், உடனே எதுகை வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த மனைவி வெண்டேன், இதெல்லாம் தேறாது என்று சொல்லிவிட்டார். தேறிவிட்டது. தீவிர இலக்கியக்காரர்களுக்கு மட்டும் அந்தச் சொல்லைக் கேட்டால் இன்றும் பல் கூசும்.

சுவிட்சர்லாந்தில் இவெர்டோன் என்ற ஊரில் சியாட்டிலில் இருப்பதுபோல இன்னொரு அறிவியல் புனைகதை மியூசியம் உண்டு. பியேர் வெர்சின்ஸ் என்பவர் சேர்த்ததைக் கொண்டு 1976-ல் தொடங்கியது. 1991-ல் அதை ஊரின் பழைய சிறைச்சாலைக்கு மாற்றினார்கள். அம்மாக்கள் யாரையும் கேட்காமலே எடுத்த சரியான முடிவு.

ஆனால் இவர்கள் எல்லோருக்கும் முன்னோடி அக்கர்மன்தான். 1926 அக்டோபரில், ஒன்பது வயதில், கடையில் ‘அமேஸிங் ஸ்டோரீஸ்’ வாங்கியதில் ஆரம்பித்தது. கொஞ்ச நாளில் அவர் அம்மா வந்து பத்திரிகைகளை எண்ணிப் பார்த்தார். 27 இருந்தது. இப்படியே போனால் நீ பெரியவனாகும்போது நூறு சேர்ந்துவிடுமே என்று பதறினார். பதறினாரே தவிர பழைய பேப்பர்காரனைக் கூப்பிடவில்லை. அந்த ஒரு கருணையின் விளைவு, லாஸ் ஏஞ்சலஸில் 18 அறைகள் கொண்ட வீடு நிறைய, சுமார் 3 லட்சம் பொருட்கள். டிராகுலா நடிகர் பேலா லுகோசியின் மோதிரம், ‘கிங் காங்’ படத்தின் டைனோசர்கள், கழிப்பறை வரைக்கும் புத்தகம். 1951 முதல் சனிக்கிழமை தோறும் கதவைத் திறந்து வைத்தார். தெரிந்தவர், தெரியாதவர் என்று சுமார் 50,000 பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். டிக்கெட் கிடையாது. பெருக்கவும் வேண்டாம்.

எண்பதைத் தாண்டியதும் உடம்பு படுத்தியது, கோர்ட் வழக்குச் செலவும் சேர்ந்துகொண்டது. 2002 வாக்கில் வீட்டையும் பொருட்களையும் கொஞ்சம் கொஞ்சமாக விற்றார். ரொம்பப் பிடித்தவற்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு சின்ன வீட்டுக்கு மாறினார். அப்படி மிஞ்சியவை சுமார் நூறு. அம்மா போட்ட கணக்கு சரியாக வர எழுபத்தைந்து வருடம் பிடித்தது. 2008 டிசம்பரில், 92 வயதில் போய்ச் சேர்ந்தார். சின்ன வீட்டுக்கு வந்த பிறகும், கதவைத் தட்டியவர்களை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, அந்த நூறையும் காட்டிக்கொண்டுதான் இருந்தார்.