படலை முதல் போர்ட்டிக்கோ வரை

மன்னார்த் தீவில் இளைப்பாறிய உத்தியோகத்தர்கள் பல வகையினர். பத்திரிகையை மரண அறிவித்தல் ஈறாக மனனஞ் செய்பவர் ஒரு வகை. கோயிற் சபையிற் பழைய கணக்குக் கேட்பவர் இன்னொரு வகை. இவ்விரண்டிலும் அடங்காது, கொந்தராத்துக்காரன் என்ற பிராணியின் நிழலும் தம் வளவில் விழலாகாதென்று சங்கல்பஞ் செய்துகொண்டு, கூரை முதற் குழாய் வரை சகலத்தையும் சுயமாகவே செப்பனிடும் மூன்றாம் வகையினரைப் பற்றியே இங்குச் சொல்லப் புகுந்தேன். ஊருக்கு ஒருவராவது இருப்பார். அவர் பெரும்பாலும் கணிதம் படிப்பித்தவராகவே இருப்பதால், மாஸ்டர் என்றே அழைப்போம்.

மாஸ்டருடைய படலையிலிருந்து போர்ட்டிக்கோ வரை நீளும் பாதை மாரியிற் குளமாகவும் கோடையிற் கணுக்கால் புதையும் மணலாகவும் இருப்பது மெய்தான். தீவு முழுவதுமே கடல் ஒதுக்கிய மணலாதலால், இதில் அவருக்கென்று விசேஷமான குறை ஒன்றுமில்லை. ஆயினும், 2020 திசம்பரில் திறந்துவைக்கப்பட்ட தம்பபவனிக் காற்றாலைகள் முப்பதையும் தென்கரையில் நிறுத்துவதற்காக இராட்சத இயந்திரங்கள் தீவுக்குள் வந்திறங்கிய காலத்தில், குடையும் கையுமாகச் சென்று நின்று பார்த்தவருக்கு, இரும்புக் கையொன்று மண்ணை அள்ளி, அலட்சியமாகத் திரும்பி, அப்பாற் கொட்டுகிற அந்தத் திருக்காட்சி நெஞ்சைவிட்டு அகலவில்லை. பாதை ஒரு வியாஜம், பெக்கோவே உபாசனாமூர்த்தி.

வேலை தொடங்குமுன் சாஸ்திரம் பார்ப்பது அவர் சம்பிரதாயம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வீதியமைக்கும் கலையையே புதுக்கிய ஸ்கொத்லாந்துக்காரர் ஜோன் மக்காடம், முப்பதடி அகலமான வீதிக்கு நடுவில் 3 அங்குல உயர்வு போதும், மழைநீர் இருபுறமும் வடிந்துவிடும் என்று விதித்ததை மாஸ்டர் எங்கோ வாசித்திருந்தார். தம் பாதையின் அகலம் ஒன்பதடியே என்பதைக் கணித ஆசிரியர் மறந்திருக்க நியாயமில்லை. எனினும் ஆப்த வாக்கியத்திற் கைவைப்பது அபசாரமென்று, அந்த 3 அங்குலத்தையும் குறைவின்றி ஏற்றுக்கொண்டார். சல்லிக்கல்லின் பருமனில்தான் சங்கடம். கல் வாயில் அடங்கவேண்டும் என்பதே மக்காடத்தின் வேலையாட்கள் கைக்கொண்ட அளவை என்றும், பொக்கைவாய்க் கிழவன் ஒருவன் உடைத்தவை மாத்திரம் பெருங்கற்களாக இருந்ததற்கு அதுவே காரணமென்றும் ஒரு கதையுண்டு. பொய்ப்பல்லோடு அளப்பதா, கழற்றிவிட்டு அளப்பதா என்று மாஸ்டர் ஒரு மாலைப்பொழுது முழுவதும் யோசித்ததாக அயலவர் சொல்கிறார்கள். நான் நம்புகிறேன்.

வெறும் மணலில் எதுவும் இறுகாது. களி கலந்த கிரவல் வேண்டும். அது தள்ளாடிக்கு அப்பால் பெருநிலத்திலிருந்து, கடலை ஊடறுக்கும் வீதியால், புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தின் அனுமதிப்பத்திரத்தோடு வரவேண்டிய வஸ்து. அதிற் களி மிஞ்சினால் மாரியிற் சேறு. குறைந்தாலோ, வைகாசியிற் கிளம்புகிற சோழகக் காற்று நுண்மண்ணைப் பிரித்தெடுத்து, அடுத்த வீட்டுக் கொடியிற் காயும் வேட்டிகளுக்குச் சமமாக விநியோகஞ் செய்துவிடும். இவ்விரண்டு அபாயங்களையும் ஏககாலத்தில் அனுபவிக்கக்கூடிய ஒரு கலவையை மாஸ்டர் தாமே தெரிந்தெடுத்தார்.

தை பிறந்து மழை ஓய்ந்த கையோடு, லொறியின் முதுகிலேறிச் சிறிய பெக்கோ வந்து சேர்ந்தது. வாடகை மணிக்கணக்கில், ஓட்டும் பையனும் அதில் அடக்கம். ஆயினும் ஓட்டுவதற்கு ஒருவனை வைத்துக்கொண்டு தாம் பார்த்திருப்பதாயின் காற்றாலைக் கரையிலேயே நின்றிருக்கலாமே என்ற நியாயத்தால், பையனைக் கீழிறக்கிவிட்டு மாஸ்டரே ஆசனத்தில் எழுந்தருளினார். "ஐயா, இந்தத் தடியை முன்னுக்குத் தள்ளினாக் கை கீழ போகும், மற்றதை மட்டும் தொடாதேங்கோ" என்று பையன் விநயமாகச் சொல்லி முடிப்பதற்குள், மற்றது தொடப்பட்டு, வேலிக் கதியால்கள் சில விண்ணேகின. அரையடி வழித்தெடுத்தாற் போதும். ஆனால் ஆழத்தில் ஒரு போதை இருக்கிறது. இத்தீவிலே மழையால் ஊறிய நன்னீர், உப்பு நீரின்மேல் ஒரு படலமாக மிதந்துகொண்டு, மாரி முடிந்த நாட்களில் மேற்பரப்புக்கு மிக அண்மையில் நிற்கும். மேலும் தோண்டப் போனாற் சவர் ஏறிவிடும். இது தெரிந்தே மாஸ்டர் நாலடி போனார். குழி நிரம்பியது. நீரின் சுவையை அறிவதற்கு அயற்பெண்கள் வாளிகளோடு வந்து விட்டார்கள்.

"இஞ்சாருங்கோ, பாதை போடுறன் எண்டுதானே சொன்னனீங்கள், கிணறு எண்டு சொல்லேல்லையே" என்றார் அம்மையார்.

அன்று பிற்பகல் குழியோரத்தில் நீலக்கோடிட்ட பீங்கான் துண்டொன்று அகப்பட்டது. எதிர்க்கரையில், திருக்கேதீச்சரத்தருகே மாந்தையில், 1887இல் போக் துரை தோண்டியதையும், 1980 முதல் 1984 வரை கார்ஸ்வெல் குழுவினர் அகழ்ந்ததையும், சீனத்துப் பீங்கானும் பாரசீகத்து மட்கலமும் வெளிப்பட்டதையும் மாஸ்டர் அறிவார். 1940ஆம் வருஷத்துத் தொல்பொருட் சட்டம் தம் பாதையை அரசுடைமையாக்கிவிடுமோ என்ற பயமும், ஆக்கினால் பத்திரிகையிற் படம் வருமே என்ற ஆசையும் மாறி மாறி வருத்த, அவர் துண்டைக் கழுவிக் கைக்குட்டையிற் பொதிந்துகொண்டிருக்கையில், அம்மையார் அதைக் கையில் வாங்கிப் பார்த்து, கலியாணத்துக்கு வந்த தேநீர்க் கோப்பைச் செட்டின் காணாமற்போன சோசர் அதுவென்றும், உடைத்தவர் யார் என்றும் ஐயந்திரிபறத் தெரிவித்தார்.

இவ்வளவும் அவர் தனியொருவராகச் செய்தது என்றே சபைகளிற் பேசப்படும். கிரவல் இழுத்த லாண்ட்மாஸ்டர்காரன், ரசமட்டம் பிடித்த அயல்வீட்டு மேசன், இயந்திரத்தைக் குழியிலிருந்து மீட்ட பையன் ஆகியோரைக் கணக்கிற் சேர்ப்பது வழக்கமில்லை. ஒழுங்கையாற் போகும் எவனையும் "டேய்" என்று மறிக்கும் உரிமை ஆசிரியத் தொழிலின் மிச்சமாதலால், வங்கி முகாமையாளரொருவர் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு நூற்கயிற்றின் ஒரு முனையையும், மீன் முதலாளியொருவர் மறுமுனையையும் பிடித்து நின்றதை நானே கண்டேன்; இருவரும் முகத்திற் காட்டிய பயம், பத்தாம் வகுப்புக் கேத்திர கணிதத்தின் பயம். நிரவிய மண்ணில் இரவோடிரவாக ஊர்க் கழுதைகள் வந்து புரண்டு, மக்காடத்தின் 3 அங்குலத்தைத் தங்களுக்குச் சௌகரியமான அளவுக்குத் திருத்திச் சென்றன. கழுதைகளுக்கென்று சிகிச்சை நிலையமே வைத்த ஊராகையால், அவற்றை அதட்டவும் கூசவேண்டியிருந்தது.

பாதை பூர்த்தியாகிவிட்டது. நன்றாக இறுகும்வரை வாகனம் எதுவும் ஏறலாகாதென்று படலைக்குக் குறுக்கே கயிறு கட்டப்பட்டிருக்கிறது. கனடாவிலிருந்து வந்த மகனின் வாடகை வான் ஒழுங்கையிலேயே நிற்க, பேரப்பிள்ளைகள் பெட்டிகளை ஓரத்தாற் சுமந்து சென்றார்கள். மாஸ்டருக்குச் சொந்தமான வாகனம் ஒரு சைக்கிள். அதையும் நடுமேட்டிற் சறுக்குமென்று வேலியோரத்துப் பழைய மணற்றடத்திலேயே உருட்டிக்கொண்டு போகிறார். பின்வளவு சற்றே தாழ்ந்திருப்பதாக இப்போது அவருக்குத் தென்பட்டிருக்கிறது. அம்மையார் பேசாலையிலுள்ள தங்கை வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டார். எப்போது திரும்பலாம் என்பதை மாஸ்டரிடம் கேட்கவில்லை, பெக்கோக்காரப் பையனிடம் விசாரித்து வைத்திருக்கிறார்.